அழுதால் மூச்சு நிற்கும் குழந்தை: வீட்டுக்குள் அச்சம், நாடெங்கும் ரத்தசோகை

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2022 டிசம்பரில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம். அன்றைய செய்திகளை அனுப்பிவிட்டு மயூர் விஹாரில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது இரவு 9 மணி ஆகிவிட்டது. காலணியைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டுப் பாட்டி கதவைப் படபடவென்று தட்டினார். "தம்பி, வண்டியை எடுங்கள். குழந்தைக்கு மூச்சு இல்லை" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது 14 மாதப் பெண் குழந்தை தாயின் மடியில் துவண்டு கிடந்தது. உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. கண்கள் மேலே செருகியிருந்தன. தந்தை அதன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தார். பாட்டி தன் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று கேட்டால், சொல்லத்தக்க பெரிய காரணம் எதுவும் இல்லை. குழந்தை செல்போனைக் கேட்டது. தாய் தர மறுத்து அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். குழந்தை ஒருமுறை வீறிட்டது. வாய் திறந்தபடியே இருக்க, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அடுத்த மூச்சு வரவில்லை.

வண்டி கிளம்புவதற்கு முன்பே குழந்தை கண் விழித்துவிட்டது. யமுனைப் பாலத்தைக் கடக்கும்போது சாலை விளக்குகளைக் கைகாட்டி மழலை பேசியது. அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை அடைந்தபோது, அங்கிருந்த செவிலியரைப் பார்த்துச் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் பெரியவர்கள் மட்டுமே.

பணியில் இருந்த இளம் மருத்துவர் குழந்தையைப் பரிசோதித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்டார். "முதலில் அழுததா, முதலில் நீலமானதா?" முதலில் அழுதது என்றதும் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. பயப்பட வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார். பின்னால் நோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. அதற்குமேல் விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமில்லை. அந்தச் சீட்டு வீட்டு மேசையின் இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒரு சொல் செய்த வேலை

மறுநாளே குடியிருப்பு முழுவதும் செய்தி பரவியது. 'தௌரா' என்றார்கள் அக்கம்பக்கத்தார். வலிப்பு கண்டால் இந்தி பேசுவோர் சொல்லும் சொல் அது. அடுத்த முறை வந்தால் செருப்பை முகரச் செய்யுங்கள் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். தாயத்துக் கட்டச் சொன்னார் இன்னொருவர்.

பாட்டிக்கு வந்த கவலை வேறு. "பெண் குழந்தை ஆயிற்றே, நாளைக்கு யார் வீட்டில் கேட்பார்கள்?" என்றார். அந்தக் கவலை காரணமில்லாததும் அல்ல. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பட்ட திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருவோரைத் திருமணத்துக்குத் தகுதியற்றோர் வரிசையில் வைத்தது. 1999-இல்தான் நாடாளுமன்றம் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கியது. சம்பந்தம் பேசும் இடங்களில் அது இன்றும் முணுமுணுக்கப்படுகிறது. வலிப்பு என்பது மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் என்பது வேறு விஷயம். ஆனால் இந்தக் குழந்தைக்கு அந்த நோயே இல்லை.

அடுத்த வாரம் மறுபடியும் அதேபோல் நேர்ந்தபோது, குடும்பம் ஒரு தனியார் மருத்துவரிடம் போயிற்று. நடந்ததைப் பாதி கேட்டதும் அவர் வலிப்புக்கான மருந்தை எழுதித் தந்தார். மூன்று மாதம் கொடுத்தார்கள். குழந்தை பகலில் தூங்கி வழிந்தது. விழித்திருந்த நேரத்தில் முன்னைவிட அதிகமாக எரிச்சல்பட்டது. மூச்சு நிற்பது மட்டும் நிற்கவில்லை.

உண்மையில் நடப்பது என்ன?

மருத்துவ நூல்கள் இதற்கு 'மூச்சடக்கும் நிலை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியுள்ளன. அந்தப் பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. குழந்தை வேண்டுமென்றே மூச்சை அடக்குவதில்லை. பெற்றோரை மிரட்டும் தந்திரமும் அன்று. கோபத்திலோ ஏமாற்றத்திலோ வீறிடும்போது நுரையீரலில் உள்ள காற்று முழுவதும் வெளியேறிவிடுகிறது. அடுத்த மூச்சை உள்ளிழுக்க வேண்டிய அனிச்சைச் செயல் சில நொடிகள் தவறிப்போகிறது. உதடு நீலமாகிறது, உடல் துவள்கிறது, சில வேளைகளில் நினைவும் தப்புகிறது. கை, கால்கள் ஓரிரு முறை வெட்டி இழுப்பதும் உண்டு. நினைவு தப்பியதும் உடல் தானாகவே மூச்சை மீட்டுக்கொள்கிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. திடீரென்று தலையில் அடிபட்டாலோ பயந்தாலோ குழந்தை அழக்கூட அழாமல் வெளுத்துத் துவண்டுவிடும். இதில் இதயத் துடிப்பு சற்று நேரம் மந்தமாகிறது. இந்த வகைக்கு மருத்துவர்கள் இதய மின் வரைபடமான இசிஜி எடுத்துப் பார்ப்பது வழக்கம். இதயத் துடிப்பின் பிறவிக் கோளாறுகள் சில இதே வேடத்தில் வரக்கூடும் என்பதே காரணம்.

6 மாதம் முதல் 6 வயது வரை இது நேரலாம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் 5 வரை இதற்கு ஆளாவதுண்டு. பள்ளிக்குப் போகும் வயதில் பெரும்பாலோருக்குத் தானே மறைந்துவிடுகிறது. மூளை வளர்ச்சியோ அறிவோ இதனால் பாதிக்கப்படுவதில்லை. பிற்காலத்தில் வலிப்பு நோயாக மாறுவதும் இல்லை.

இளம் மருத்துவர் கேட்ட கேள்வியின் பொருள் இப்போது விளங்கும். வலிப்பு நோய் கோபத்துக்காகவோ மறுப்புக்காகவோ காத்திருப்பதில்லை, தூக்கத்திலும் வரும். அதில் முதலில் உடல் இழுக்கும், நீலம் பிறகு பாயும். மூச்சடக்கும் நிலையில் முதலில் அழுகை, பிறகு நீலம், கடைசியில்தான் வெட்டி இழுப்பு. இந்த வரிசையைப் பொறுமையாகக் கேட்டறிந்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

சரணடைந்த வீடு

நோயைவிட அதன் அச்சம் அந்த வீட்டை வேகமாக ஆட்கொண்டது. குழந்தை அழுதுவிடக் கூடாது என்பதே வீட்டின் ஒரே சட்டமாயிற்று. கேட்ட நேரத்தில் செல்போன் கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட் கிடைத்தது. "கேட்டதைக் கொடுத்துவிடம்மா, உயிர் போகிறாற்போல அழுகிறதே" என்பார் பாட்டி. தாய் வேலைக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். எதையாவது மறுத்துவிட்டால் தந்தைக்கும் தாய்க்கும் இடையே சண்டை மூண்டது.

ஒன்றரை வயதுக் குழந்தை அடம் பிடிப்பதில் வியப்பில்லை. ஆசைகள் வளர்ந்துவிட்டன, அவற்றைச் சொல்ல வார்த்தைகள் வளரவில்லை. வீட்டில் தமிழ், வேலைக்கு வரும் பெண்ணிடம் இந்தி, தொலைக்காட்சியில் இன்னொரு மொழி என்று வளரும் தில்லிக் குழந்தையும் எல்லாக் குழந்தைகளையும் போலத் தன் கோபத்தைத் தரையில் உருண்டுதான் சொல்கிறது. பசி, தூக்கம், களைப்பு மூன்றில் ஒன்று சேர்ந்தால் அடம் இரட்டிப்பாகும். ஆனால் அழுதால் கிடைக்கும் என்பதை ஒருமுறை கற்றுக்கொண்ட குழந்தை அதை மறப்பதில்லை. மறுப்பே கேட்டுப் பழகாத குழந்தைக்கு, தவிர்க்க முடியாமல் ஒருநாள் வரும் மறுப்பு இன்னும் பெரிய அதிர்ச்சியாகிறது. மூச்சு நிற்பது வாரம் ஒன்றிலிருந்து நாளொன்றாயிற்று.

இழுப்பறையில் கிடந்த சீட்டு

2023 மார்ச்சில்தான் ஒரு மூத்த குழந்தை நல மருத்துவரிடம் குழந்தையைக் காட்டினார்கள். அவர் கதையை முழுவதும் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று விசாரித்தார். யாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்த பாட்டி சட்டென்று நிறுத்தினார். தன் மகனும், அதாவது குழந்தையின் தந்தையும், மாயவரத்தில் கைக்குழந்தையாக இருந்தபோது அழுது அழுது நீலம் பாய்ந்து விழுந்திருக்கிறார். வேப்பிலை அடித்து மந்திரித்த பிறகு மூன்று வயதில் நின்றுவிட்டதாம். மருத்துவர் சிரித்தார். மந்திரிக்காவிட்டாலும் அந்த வயதில் நின்றிருக்கும் என்றார். இந்த நிலை குடும்பங்களில் தொடர்வது உண்டு.

பிறகு அவர் குழந்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். முதல் நாள் இளம் மருத்துவர் எழுதித் தந்த அதே பரிசோதனையை இவரும் எழுதினார். ஹீமோகுளோபின் 8.6 கிராம் என்று முடிவு வந்தது. இந்த வயதுக் குழந்தைக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் கணக்கிட்டன. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் மிகக் குறைவாக இருந்தது.

ரத்தசோகைக்கும் மூச்சு நிற்பதற்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அன்று. 1963-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். 1997-இல் ஜோர்டானில் 67 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 16 வாரம் இரும்புச் சத்து மருந்து பெற்றவர்களில் பாதிப்பேருக்கு இது முற்றிலும் நின்றது; மேலும் பலருக்குக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட முழுமையாக நிற்கவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடும் இரும்புச் சத்து பயன் தருவதாகவே கூறியது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதற்கு மட்டுமின்றி, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் உருவாகவும் இரும்பு தேவைப்படுகிறது.

இரும்புக் குறைவு உள்ள எல்லாக் குழந்தைக்கும் மூச்சு நிற்பதில்லை. மூச்சு நிற்கும் எல்லாக் குழந்தைக்கும் இரும்புக் குறைவும் இல்லை. ஆனால் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறாலும் ரத்தசோகை வரும் என்பதால், பரிசோதிக்காமல் தானாக மருந்து தொடங்கக் கூடாது.

வசதியான வீட்டுக் குழந்தைக்கு எப்படி ரத்தசோகை? பதில் பால் பாட்டிலில் இருந்தது. ஒருநாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பசும்பால் கொடுத்து வந்தார்கள். பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிறு பாலால் நிறைந்துவிட்டதால் பருப்பு, கீரை, முட்டை எதற்கும் இடமில்லை. மருத்துவர் பாலை அரை லிட்டருக்குள் குறைத்தார். எடைக்கேற்ற அளவில் இரும்புச் சத்து மருந்து எழுதினார். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

அவையில் ஒலிக்கும் எண்

ரத்தசோகை பற்றிய கேள்விகளுக்கு அமைச்சர்கள் தரும் எழுத்துமூலப் பதில்களை எத்தனையோ முறை செய்தியாக்கி அனுப்பியிருக்கிறேன். 67.1 சதவீதம் என்ற எண் எனக்கு மனப்பாடம். அது எதிர்வீட்டில் இருக்கிறது என்று தோன்றியதே இல்லை.

2005-06-இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 69 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையில் இருந்தனர். 2015-16-இல் அது 58.6 சதவீதமாகக் குறைந்தது. 2018 மார்ச்சில் தொடங்கப்பட்ட போஷண் அபியான் திட்டம், ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளிகள் வீதம் இதைக் குறைக்க இலக்கு வைத்தது. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது ஆய்விலோ எண் 67.1 சதவீதமாக உயர்ந்திருந்தது. தில்லியில் 69.2 சதவீதம், தமிழகத்தில் 57.4 சதவீதம்.

இந்த எண்ணே சர்ச்சைக்குரியதாயிற்று. குடும்பநல ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை அளந்தது. ரத்தக் குழாயிலிருந்து எடுத்துச் சோதித்த 2016-18-ஆம் ஆண்டுகளின் தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதத்தினரிடமே ரத்தசோகை கண்டது. ஆறாவது குடும்பநல ஆய்விலிருந்து ரத்தசோகைச் சோதனை நீக்கப்பட்டு, தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது. எந்த அளவுகோல் சரி என்ற விவாதம் அவசியமானதே. குறைந்த எண்ணை ஏற்றாலும் ஐந்தில் இரண்டு குழந்தைகள் என்ற உண்மை மாறாது.

பாட்டிலும் ஒரு வாக்கியமும்

மருந்து இல்லாத நாடு அன்று இது. 2018-இல் தொடங்கிய 'ரத்தசோகை இல்லாத பாரதம்' திட்டத்தின்படி, 6 முதல் 59 மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் வாரம் இருமுறை 1 மில்லி லிட்டர் இரும்பு, ஃபோலிக் அமில மருந்து தர வேண்டும். அதில் 20 மில்லி கிராம் இரும்பு உள்ளது. ஆஷா பணியாளர்கள் இதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் குடற்புழு நீக்க மருந்தும் தரப்படுகிறது.

மயூர் விஹாரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் ஆஷா பணியாளர் வந்து நான் பார்த்ததில்லை. இங்குள்ளவர்களும் அது ஏழைகளுக்கான திட்டம் என்றே நினைக்கிறார்கள். சாலைக்கு அப்பால் உள்ள திரிலோக்புரியிலிருந்து எதிர்வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணின் வீட்டில் அந்த மருந்து பாட்டில் இருக்கிறது. அவருடைய இரண்டு வயது மகனுக்கும் அழும்போது மூச்சு நிற்பது வழக்கம். நான்கு முறை மருந்து கொடுத்ததும் குழந்தையின் மலம் கறுத்துப் போனதாம். விஷமோ என்று பயந்து நிறுத்திவிட்டார்.

இரும்பு மருந்து சாப்பிட்டால் மலம் கறுக்கும், அதில் ஆபத்தில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் பாட்டில் போகவில்லை. இன்னொரு வீட்டுக்குப் பாட்டில் மட்டும் போயிற்று. வழங்கிய பாட்டில்களின் கணக்கைக் கேட்கும் உறுப்பினர்கள், பாட்டிலோடு இந்த வாக்கியம் போகிறதா என்பதையும் கேட்கலாம்.

அந்த ஒரு நிமிடத்தில்

மூத்த மருத்துவர் அந்தக் குடும்பத்துக்குச் சொன்னவை எந்தப் பெற்றோருக்கும் உதவும். மூச்சு நின்றதும் குழந்தையைத் தூக்கி நிறுத்தக் கூடாது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகில் உள்ள கடினமான பொருள்களை அகற்ற வேண்டும். குலுக்குவதும், அடிப்பதும், தண்ணீரை முகத்தில் வாரி இறைப்பதும், வாய்க்குள் விரலையோ கரண்டியையோ விடுவதும் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ண வேண்டும். மூச்சு திரும்பியதும் இயல்பாக அணைத்துக்கொள்ளலாம். ஆனால் எதை மறுத்ததால் அழுததோ, அதைக் கையில் கொடுக்கக் கூடாது.

அடத்துக்கும் வழி இருக்கிறது. பசிக்கும் தூக்கத்துக்கும் நேரம் தவறாமல் இருந்தால் பாதி அடம் குறையும். எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்பதற்குப் பதில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். உருளத் தொடங்குமுன் கவனத்தைத் திருப்பலாம். தொடங்கிய பின் அடிபடாமல் பார்த்துக்கொண்டு அமைதியாக அருகில் இருந்தாலே போதும். அம்மா மறுத்ததை அப்பாவோ பாட்டியோ கொடுத்துவிட்டால் இத்தனையும் வீண்.

முதல் முறை நேர்ந்தால் அவசியம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 6 மாதத்துக்கு முன் வந்தாலும், அழாமலே அல்லது தூக்கத்தில் வந்தாலும், ஓடும்போது மயங்கினாலும், ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இரும்பு மருந்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் முக்கியம். அளவுக்கு மீறினால் அதுவே நஞ்சு.

எதிர்வீட்டில் மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் மூச்சு நிற்பது வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. ஆண்டு முடிவதற்குள் அரிதாயிற்று. மூன்று வயதுக்குப் பிறகு ஒருமுறையும் வரவில்லை. தாய் வேலையை விடவில்லை. குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. திரிலோக்புரிச் சிறுவனுக்கும் அதே மருத்துவரிடம் காட்டி மருந்து தொடங்கினார்கள்; அழைத்துப் போனவர் பாட்டிதான்.

சில நாட்களுக்கு முன் லிஃப்டில் ஒரு பிகார் குடும்பத்தின் கைக்குழந்தை வீறிட்டு அழுது மூச்சடைத்து நின்றது. தாய் அலறினார். பாட்டி குழந்தையை வாங்கித் தன் மடியில் ஒருக்களித்துக் கிடத்தி, தனக்குத் தெரிந்த இந்தியில் சத்தமாக எண்ணத் தொடங்கினார். பதினெட்டில் மூச்சு வந்தது. முதலில் மருத்துவரிடம் காட்டு, ரத்தத்தைப் பார்க்கச் சொல் என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.